தேநீரைத் திருப்பிக் கொண்டுபோன ரோபோ

ரோபோ வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். என் முதல் டெமோவில் ஒரு கலியாணம் குழம்பப் பார்த்தது.

தயாபரன் அண்ணருக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் கலியாண மண்டபம் இருக்கிறது. பரிமாறும் ரோபோவை முதலில் தன் வீட்டில் ஓட்டிக் காட்டச் சொன்னார். அன்றைக்குத்தான் மகள் துஷாவை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தார்கள். துஷாவும் பெடியனும் நாலு வருஷமாக விரும்பியவர்கள். பெடியனின் அம்மா அரை மனதோடுதான் வந்திருந்தார்.

எங்கள் ரோபோவுக்குள் ‘இப்படி வந்தால் இப்படிச் செய்’ என்ற பட்டியல் கிடையாது. டைனமிகல் சிஸ்டம் முறையில் செய்தது. போகவேண்டிய ஆள் அட்ராக்டர், அது இழுக்கும். குறுக்கே வருவது ரிப்பெல்லர், அது தள்ளும். இந்த இழுப்பும் தள்ளலும் சேர்ந்துதான் நடத்தை. கொட்டாஞ்சேனை வேர்க்‌ஷொப்பில் ஆளில்லாத கதிரைகளுக்கு நடுவே அருமையாக ஓடியது. கதிரைகள் உபசாரம் பார்ப்பதில்லை.

ரோபோ தேநீர்த் தட்டோடு பெடியனின் அம்மாவின் முன்னால் போனது.

“ஐயோ வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்” என்று அவர் கையை நீட்டினார். கை ரிப்பெல்லர். ரோபோ பின்வாங்கியது. இன்னொரு தரம் கேட்பார்கள் என்று அவர் கையை மடியில் வைத்தார். ரோபோ முன்னால் வந்தது. அவர் மறுபடியும் நீட்டினார். அது மறுபடியும் பின்வாங்கியது.

சுத்தமான லிமிட் சைக்கிள், அதாவது எங்கும் போய்ச் சேராமல் ஒரே சுற்றில் திரும்பத் திரும்ப ஓடுவது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் துஷாவின் கண் கலங்குவதைக் கண்டேன்.

“கூப்பிட்டு வைச்சுத் தேத்தண்ணியைக் காட்டிக் காட்டி எடுக்கிறியளோ?” என்று அம்மா கைப்பையைத் தூக்கினார்.

தயாபரன் அண்ணர் தட்டைப் பிடிக்கப் பாய்ந்தார். அவரும் தடைதானே, ரோபோ அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

“ஓஃப் பண்ணட்டோ அண்ணை?” என்று கேட்டேன்.

“மானம் போயிடும் பிள்ளை! என்னத்தையாவது செய்!”

குசினி வாசலில் லேப்டொப்பை வைத்துக்கொண்டு ரோபோவின் நிரலில் ஒரு மாறியைச் சேர்த்தேன். பெயர் ‘வற்புறுத்தல்’. ஒவ்வொரு மறுப்புக்கும் அந்தக் கையின் தள்ளுவிசை குறையும். மூன்றாம் தரம் ரோபோ, அவர் பாதி நீட்டிய கைக்குக் கீழே புகுந்து, அம்மாவின் முழங்காலோடு ஒட்டி நின்றது.

“சரி சரி, இவ்வளவு கேக்கிறியள்...” என்று அவர் கோப்பையை எடுத்தார். முகம் மலர்ந்தது. எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் வற்புறுத்தலுக்கு நான் எல்லை வைக்கவில்லை. அடுத்தது மாப்பிள்ளையின் பெரியப்பா.

“எனக்குச் சீனி வருத்தம், டொக்டர் இனிப்புக் கூடாதெண்டவர்! சத்தியமா வேண்டாம்!” என்று அவர் கத்தக் கத்த ரோபோ நெருங்கியது. அவர் சோபாவைச் சுற்றி ஓடி பல்கனிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ரோபோ கதவை இடித்துக்கொண்டு நின்றது. அம்மா கண்ணீர் வரச் சிரித்தார்.

“அத்தான், இந்த வீட்டு ஆக்கள் விடமாட்டினம்! தயாபரன், எங்கட பிள்ளையை நல்லாப் பாப்பியள். நாள் வைப்பம்.”

பிறகு நான் எல்லா ரோபோவிலும் எழுதிவைத்தேன்: முதல் இரண்டு மறுப்பு மரியாதை, மூன்றாவது உண்மை, உடனே நில். ஆட்கள் எப்படி மறுப்பார்கள் என்று தெரியாமல் நடத்தை எழுத வேண்டாம்.

வயர்களைச் சுருட்டும்போது துஷா வந்து என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, கலியாணத்துக்குக் கட்டாயம் வரோணும்” என்றவள் ரோபோவைத் திரும்பிப் பார்த்தாள். “தனிய வாங்கோ.”