கடைசிக் கூறு

இரண்டு டீ வாங்கி மூன்று கிளாஸில் ஊற்றுகிறார் குழந்தைவேலு. ஊற்றிய மூன்றையும் பலகையில் ஒட்டி வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்க்கிறார். நடுக் கிளாஸில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் அதிலிருந்து சொட்டுச் சொட்டாக மற்ற இரண்டிலும் விடுகிறார். டீ ஆறுகிறதே என்று நாம் சொன்னால், "ஆறட்டும்யா. மூணும் ஒண்ணாத்தானே ஆறுது" என்கிறார். நாம் இரண்டு பேரும் எடுத்த பிறகு மிஞ்சுகிற கிளாஸ்தான் அவருக்கு.

காரைக்குடியில் கல்லூரி மைதானத்தில் மார்க்கர் வேலை. சுண்ணாம்பு கரைத்துக் கோடு போடுவது, ஈட்டியையும் குண்டையும் எடுத்து வைப்பது, வலை கட்டுவது, அவிழ்ப்பது. வயது ஐம்பத்துநாலு. செருப்புப் போடுவதில்லை, கோடு அழிந்துவிடுமாம். என் பெரியம்மா மகள் காளியம்மாளைக் கட்டியவர், எனக்கு மாப்பிள்ளை முறை. ஓட வருகிற மாணவர்களைப் பெயர் சொல்லி அறிய மாட்டார், வீட்டைச் சொல்லித்தான் அறிவார். "அவன் நாட்டரசன்கோட்டைத் தச்சாசாரி வீட்டுப் பேரன். அந்த வீட்ல எல்லாருக்கும் நெஞ்சுக்கூடு பெருசு. கடைசி நூறுலதான் வருவான், இப்ப ஒண்ணும் தெரியாது." இப்படிச் சொன்னால் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்.

சொந்த ஊர் திருப்பத்தூருக்கு மேற்கே. கோடையில் கண்மாய் வற்றி, ஊரே இறங்கி மீன் பிடித்துக் கரையில் கொட்டினால் அதைக் கூறு போடுவது இவர்கள் குடும்பம். தாத்தா போட்டார், அப்பா போட்டார், இப்போதும் லீவு போட்டுவிட்டு இவர் போகிறார். தராசு கிடையாது. ஒரு கூறில் விரால் விழுந்தால் பக்கத்துக் கூறில் நாலு கெண்டை கூடும். முடிந்ததும் ஓர் ஆள் முதுகைக் காட்டி நின்றுகொள்வார். கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்றால் திரும்பிப் பார்க்காமல் ஒரு வீட்டுப் பெயரைச் சொல்வார். எல்லாரும் வாங்கிய பிறகு கிடக்கிற கடைசிக் கூறு, போட்டவருக்கு. அவர் கை நேராக இருக்கவேண்டும் என்றுதான் அந்த ஏற்பாடு.

இந்தக் கூறு போடுகிற வேலை மைதானத்துக்கு வந்தது அறுபத்துமூன்றில். சுற்று வட்டாரக் கல்லூரிகளெல்லாம் ஆண்டுக்கொரு முறை இங்கே ஓட வரும். எண்ணூறு மீட்டருக்குப் பதினெட்டுப் பேர் வந்தால் எல்லாரையும் ஒன்றாக விட முடியாது. ஆறு ஆறு பேராக மூன்று கூட்டமாகப் பிரித்து ஓடவிடுவார்கள். ஹீட் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு ஹீட்டிலும் முதல் இரண்டு பேருக்கு மட்டும் பைனல். மூன்றாவதாக வந்தவன் எவ்வளவு வேகமாக வந்திருந்தாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆகையால் யார் யாரோடு விழுகிறான் என்பதிலேயே பாதி ஓட்டம் முடிந்துபோகும். அந்த வருஷம் உடற்பயிற்சி ஆசிரியர்கள் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கோடு போட்டுக்கொண்டிருந்த குழந்தைவேலு வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "சார், நான் வேணா கூறு போட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

சிகரெட் அட்டைகளைக் கிழித்து ஆளுக்கொரு பெயர் எழுதச் சொன்னார். காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சரளைக் கல். வேகமான மூன்று பேரைக் கூறுக்கு ஒருவராக வைத்தார். அடுத்த மூன்று பேரை வைக்கும்போது கடைசிக் கூறிலிருந்து திரும்பி வந்தார். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. பதினேழு பேர் ஆனதும், எந்தக் கூறு கனமோ அதில் காலியாக விட்டிருந்த ஆறாவது இடத்தில் தம் கல்லூரிப் பையனைப் போட்டார். கூறு போட்டவன் தன் வீட்டுக்குக் கடைசிக் கூறை எடுத்துக்கொண்டால் யார் என்ன சொல்ல முடியும்? ஆசிரியர்கள் சட்டையை விட்டுவிட்டுப் பட்டியலை எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம் வருஷா வருஷம் அவரைத்தான் கூப்பிட்டார்கள். உள்ளூர்ப் பையன்கள் அப்போதெல்லாம் சுமார் ரகம். எங்கே போட்டாலும் ஐந்தாவதாக வந்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள்.

எழுபதில் அழகு வந்தான். குழந்தைவேலுவின் தங்கை வள்ளிக்கண்ணுவின் ஒரே மகன், இந்தக் கல்லூரியிலேயே இரண்டாம் வருஷம் படித்தவன். அவன் ஓடினால் கால் தரையில் படுகிற சத்தம் கேட்காது. பைனலில் முதல் மூன்றுக்குள் வந்தால் பல்கலைக்கழக அணிக்குப் போகலாம்; அணியில் ஓடினவனை ரயில்வேயில் எடுப்பார்கள். தகப்பன் இல்லாத வீடு. வள்ளிக்கண்ணு அந்த நினைப்பில்தான் இருந்தது.

குழந்தைவேலு வழக்கப்படி பதினேழு அட்டையை வைத்தார். மருமகன் அட்டையைக் கனமான கூறில் போட்டார். அதில் ஏற்கெனவே இரண்டு புலிகள். அழகு மூன்றாவதாக வந்தான், ஒரு நெஞ்சு வித்தியாசம். இரண்டு நிமிஷம் மூன்று வினாடி. மற்ற இரண்டு ஹீட்டிலும் முதலாவதாக வந்தவர்கள் இரண்டு நிமிஷம் ஏழுக்கு வந்து, கையை ஆட்டிக்கொண்டே பைனலுக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் நானும் இருந்தேன். வள்ளிக்கண்ணு வாசல்படி ஏறவில்லை. "அண்ணே, ஊருக்கெல்லாம் நாயம் சொல்றீக, சரி. எம்புள்ளை கால்ல ஏறி நின்னுக்கிட்டுத்தான் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது. அழகு மட்டும் நின்றான். கோபப்படவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"மாமா, மீன்ல கடைசிக் கூறு எடுத்தா நட்டம் யாருக்கு?"

"எனக்குத்தான்டா."

"இங்க?"

குழந்தைவேலு துண்டை எடுத்துத் திண்ணையைத் துடைத்தார்.

"பதினேழு பேருக்குக் கூறு போட்டீக. எனக்கு மிச்சத்தைக் குடுத்தீக. நான் என்ன, நீங்க தின்னப்போற கெண்டையா?"

காளியம்மாள் உள்ளேயிருந்து சிரித்துவிட்டது. இவர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் இன்னொன்றும் வந்து சேர்ந்தது. தெற்கேயிருந்து வந்த கல்லூரியின் ஆசிரியர் முத்துராமலிங்கம், பஸ் ஏறப் போகிறவர், மைதானத்துக்கு வந்து சண்டை போட்டார். "உங்க மருமகனை நீங்க எங்குட்டும் போட்டுக்கங்க. எங்க பய கூட்டத்துல ஏன்யா போட்டீக? இவனை முந்துறதுக்குள்ள அவனுக்கு மூச்சுப் போச்சு. பைனல்ல கடைசி!" தன் வீட்டை வஞ்சித்தால் அடுத்த வீட்டுக்கும் நட்டம் வரும் என்பதை அதுவரை குழந்தைவேலு நினைத்துப் பார்த்ததில்லை. இரண்டு நாள் கோடு கோணலாகப் போட்டார் என்று இந்தக் கல்லூரி ஆசிரியர் சத்தியமூர்த்தி சொன்னார். கோணலாகக் கோடு போட்டு அவரை யாரும் பார்த்ததில்லை.

எழுபத்தொன்று. அழகுக்குக் கடைசி வருஷம். இதை விட்டால் வேறு ஓட்டம் இல்லை. பெவிலியன் நிழலில் ஆசிரியர்கள் கூடியிருந்தார்கள். வள்ளிக்கண்ணு வந்திருந்தது, தூரத்தில் எங்கள் பக்கம் முகம் திருப்பாமல் உட்கார்ந்திருந்தது. குழந்தைவேலு கையைக் கட்டிக்கொண்டு, "என் மருமகன் ஓடுறான் சார். இந்த வருசம் என்னை விட்ருங்க" என்றார்.

"நீ விட்டா நாங்க அடிச்சுக்கிருவோம், குழந்தைவேலு. உக்காரு" என்றார் சத்தியமூர்த்தி.

உட்கார்ந்தார். இந்தத் தடவை ஒருவரையும் ஒதுக்கி வைக்கவில்லை. பதினெட்டு அட்டையையும் வேகத்தின் வரிசைப்படி அடுக்கிக்கொண்டு, போய்த் திரும்பி, போய்த் திரும்பி வைத்தார். அழகின் அட்டை அதன் முறை வந்தபோது இரண்டாம் கூறில் விழுந்தது. அந்தக் கூறில் போன வருஷத்து முதல் ஆள் இல்லை. எல்லாரும் கவனித்தார்கள்.

முத்துராமலிங்கம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "என்ன குழந்தைவேலு, இந்த வருசம் மருமகனுக்கு மெத்தை போட்டாச்சா?"

குழந்தைவேலுவின் கை அழகின் அட்டைமேல் இருந்த கல்லுக்குப் போனது. எட்டு வருஷப் பழக்கம். எடுத்து அந்தண்டை வைத்துவிட்டால் பேச்சு முடிந்துபோகும், நல்ல பெயரும் நிற்கும். கை கல்லைத் தொட்டபடியே இருந்தது. நான் வள்ளிக்கண்ணுவைப் பார்த்தேன். அது எழுந்து நின்றுவிட்டது.

அவர் கையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சார், நீங்க உக்காருங்க. எங்குட்டு வேணும்னாலும் மாத்துங்க. ஒண்ணுதான், மாத்துனா மூணு கூறும் சரியா இருக்கணும்."

முத்துராமலிங்கம் விடுகிறவர் இல்லை. இஸ்திரி போட்ட கால்சட்டையோடு மண்ணில் குந்தினார். அழகை முதல் கூறில் வைத்தார். அங்கே தம் பையன் இருந்தான். "அய்யய்யோ, எங்க பய செத்தான்" என்று எடுத்துவிட்டார். மூன்றாம் கூறில் வைத்தார். அங்கிருந்து ஒருவனை இரண்டுக்குக் கொண்டுவந்தால் இரண்டு லேசாகப் போனது. அதை முதல் கூறிலிருந்து நிரப்பினால் முதல் கூறு இளைத்தது. வேர்வை வழிந்தது. இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தால் அட்டைகளெல்லாம் குழந்தைவேலு வைத்த இடத்திலேயே திரும்ப உட்கார்ந்திருந்தன.

"மெத்தை இல்லப்பா, கயித்துக் கட்டில்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரி முதுகுல குத்தும்" என்று மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, ஹீட் பட்டியலில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று ஹீட்டும் இரண்டு நிமிஷம் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் முடிந்தன. யாரும் கையை ஆட்டிக்கொண்டு போகவில்லை. அழகு தன் ஹீட்டில் இரண்டாவது. மறுநாள் பைனலிலும் இரண்டாவது. நாட்டரசன்கோட்டைத் தச்சாசாரி வீட்டுப் பேரன் கடைசி நூறில் வந்து அவனை முந்தினான். அழகு இப்போது திருச்சியில் ரயில்வேயில் இருக்கிறான். வள்ளிக்கண்ணு அண்ணன் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பைனலில் ஓடினவர்களை நான் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டாம் சுற்றுக்கு மணி அடித்ததும், உள்பக்கப் புல்லில் நின்ற குழந்தைவேலு ஓடத் தொடங்கினார். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மருமகனுக்குப் பக்கத்தில், அவனோடு சேர்ந்து, இருபது தப்படி ஓடியிருப்பார். வாய் திறந்தது. கூட ஓடுவதும் கத்துவதும் மற்ற ஐந்து பேருக்குச் செய்கிற அநியாயம் என்று அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, தோளில் கிடந்த துண்டை இழுத்து வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டுக்கு ஒரு விரல்கடை இந்தப் பக்கம், இரண்டு கால் பெருவிரலையும் மண்ணில் ஊன்றி நின்றார்.