பூசி மூட மறுத்த வெர்லீன்

டெட்ராய்ட்டுக்குத் தெற்கே, ஆற்றை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். உருக்காலையின் வாசலிலிருந்து நாலு தெரு தள்ளி என் டயர் கடை. அதன் பக்கத்து ஷெட் வெர்லீன் டக்கிளுடையது. கார்களைக் கழுவி, தேய்த்து, மெழுகு போட்டுக் கொடுப்பாள். அதற்கு முன் பதினேழு வருஷம் கார் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். பெயின்ட்டைப் பற்றி அவளிடம் வாதாடி ஜெயித்தவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை.

கழுவித் துடைத்த காரின் மேல் உடனே மெழுகு போட மாட்டாள். மெல்லிய பாலித்தீன் பை ஒன்றை வண்டிக்காரரிடம் கொடுத்து, "கையை இதுக்குள்ள விட்டு பானெட்டைத் தடவிப் பாருங்க" என்பாள். பளபளவென்று தெரிகிற பானெட் பைக்குள் இருக்கும் விரலுக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். வெறும் கைக்கு அது தெரியாது.

"இதுமேல மெழுகு போட்டா, அழுக்கைப் பூட்டி வச்சு சாவியையும் அதுகிட்டயே குடுத்த மாதிரி" என்பாள்.

பிறகு இரும்புத் தூளைக் கரைக்கிற மருந்தைத் தெளிப்பாள். அழுகிய முட்டை நாற்றம் என் கடைவரை வரும். இரும்பு இருக்கும் இடமெல்லாம் மருந்து ஊதா நிறமாகி வழியும். அதைக் கழுவிவிட்டு, பிசைந்து தட்டையாக்கிய களிமண் கட்டியை சோப்புத் தண்ணீர் விட்டு இழுப்பாள். மருந்துக்கு மசியாததைக் களிமண் பிடுங்கும். கடைசியில் ஸ்பிரிட் தொட்டு ஒரு துடைப்பு. இத்தனையும் முடிய மூன்று மணி நேரம். மெழுகு டப்பாவை அதற்கப்புறம்தான் திறப்பாள். அவசரக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வேறு கடைக்குப் போவார்கள். அவள் யாரையும் கூப்பிட்டு நிறுத்தியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வசந்தகாலத்தில் ஊரிலிருக்கும் கார்களிலெல்லாம் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் வர ஆரம்பித்தன. வெள்ளைக் கார்களுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. கழுவினால் போகவில்லை. வெர்லீனின் களிமண் ஒரே காரைத் தேய்த்து முடிப்பதற்குள் செங்கல் நிறமானது. அந்தக் கட்டிகளைத் தூக்கிப் போடாமல், எந்த வீட்டுக் கார், எந்தத் தேதி என்று எழுதி ஜன்னலோரம் அடுக்கினாள்.

ஜூன் தொடக்கத்தில் ஆலையின் சார்பாக ஸ்டாட்லர் என்பவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. அவருடைய அலுவலகம் வடக்கே நூறு மைலுக்கு அப்பால்.

"மேடம், ஊர்க்காரங்க எல்லாருக்கும் ஆலை செலவுல காரைக் கழுவி மெழுகு போட்டுத் தரப்போறோம். இருநூறு வண்டிக்கு மேல வரும். மொத்த வேலையும் உங்களுக்கே."

"நல்ல விஷயம். ஒரு வண்டிக்கு மூணு மணி நேரம் ஆகும்."

"அவ்வளவு வேண்டாம். கழுவுங்க, மெழுகு போடுங்க, அரை மணி நேரத்துல அனுப்பிடுங்க. வண்டிக்காரங்க இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து போடணும், அவ்வளவுதான்."

வெர்லீன் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் படித்தாள். இனி பெயின்ட் கெட்டுப்போனதாக ஆலைமேல் புகார் எதுவும் சொல்ல மாட்டேன் என்று அதில் இருந்தது.

"இரும்பை உள்ள வச்சு மேல பூசி மூடணும். அப்புறம் வாயையும் மூடிக்கணும். அதானே?"

"நீங்க அதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது."

"தப்பா எடுத்துக்கல சார். சரியாத்தான் எடுத்துக்கிட்டேன். அந்த வேலைக்கு வேற ஆளைப் பாருங்க."

வேறு ஆள் கிடைத்தார். பெரிய சாலையில் இருந்த கழுவும் கடை முன் ஒரு வாரம் கார்கள் வரிசை கட்டி நின்றன. ஊரே மினுங்கியது. வெர்லீனின் ஷெட்டில் ஈ ஓட்ட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ரூஃபஸ் வந்தான். செத்துப்போன அவள் கணவனின் தம்பி. ஆலையில் இருபது வருஷமாக கிரேன் ஓட்டுகிறவன். நான் வாசலில் பார்பிக்யூ அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஷெட்டுக்குள் பேசியதெல்லாம் காதில் விழுந்தது.

"அண்ணி, எதுக்கு இந்த வீம்பு? ஆலையை மூடிட்டா எங்க சோத்துல மண்ணுதான்."

"இப்பவே உன் சோத்துல இரும்பு விழுதுடா. உன் பொண்ணு ராத்திரியெல்லாம் இருமுறா. அது எதனாலன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

"அவங்க கம்பெனி பெருசு. நீ ஒத்த ஆளு."

"ஒத்த ஆளுதான். அதுக்காக இல்லாததை இருக்குன்னும் இருக்கிறதை இல்லைன்னும் சொல்லணுமா?"

ரூஃபஸ் சாப்பிடாமல் போனான். அன்றிலிருந்து எட்டு மாதம் அவளோடு பேசவில்லை. அது அவளுக்கு வலித்தது. மற்றதை எல்லாம் சிரித்துத் தள்ளினாள், அதை மட்டும் தள்ள முடியவில்லை.

ஆகஸ்ட் பாதியில், பூசின மெழுகையும் துளைத்துக்கொண்டு புள்ளிகள் எழும்பின. இந்தத் தடவை பெயின்ட்டில் குழி விழுந்திருந்தது. கையெழுத்து போட்டவர்கள் வாயைத் திறக்க முடியாமல் பல்லைக் கடித்தார்கள். நகர மன்றம் கூட்டம் போட்டது. மாலை ஆறு மணி, வெயில் நன்றாக இருந்தது.

ஸ்டாட்லர் படம் போட்டு விளக்கினார். "இது நெடுஞ்சாலையில போற வண்டிங்களோட பிரேக் தூள். ஓடுற கார் எல்லாத்துலயும் இருக்கும்."

பேச வந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிஷம். வெர்லீன் எழுந்தாள்.

"என்னோட ரெண்டு நிமிஷத்தை வெளியில எடுத்துக்கிறேன். வர்றவங்க வரலாம்."

சொல்லிவிட்டு நடந்தாள். கூட்டம் பின்னால் போனது. மன்றத் தலைவி கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு அவரும் எழுந்து வந்தார்.

வாசலில் என் டிரெய்லரின் மேல் ஒரு வெள்ளை ப்யூக் கார் நின்றது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஹோலிஸ் கிரீருடையது. பார்வை மங்கியதால் அவர் மூன்று வருஷமாக அதை வீட்டு வாசலை விட்டு எடுக்கவேயில்லை.

"ஹோலிஸ், இதைக் கடைசியா எப்ப ஓட்டினீங்க?"

"ஓட்டினா செவுத்துலதான் மோதணும். என் கண்ணுக்கு ரெண்டு செவுரு தெரியுது."

கூட்டம் சிரித்தது. வெர்லீன் கூரையில் மருந்தைத் தெளித்தாள். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு ஊதா முளைத்தது, பரவியது, கண்ணாடியின் மேல் கோடு கோடாக வழிந்தது.

ஸ்டாட்லர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அந்த மருந்தை எதுமேல அடிச்சாலும் கலர் மாறும்."

"அப்படியா? உங்க வண்டி எது சார்?"

அவர் கையைக் காட்டத் தேவையில்லாமல் போயிற்று. வாசலில் நின்ற கார் வரிசையில் புள்ளி இல்லாத வெள்ளைக் கார் ஒன்றே ஒன்றுதான்.

"இது ராத்திரியில எங்க நிக்கும்?"

"என் வீட்டுல. வெளியிலதான்."

"நூறு மைல் தள்ளி. நீங்களும் நெடுஞ்சாலையிலதான் ஓட்டிக்கிட்டு வர்றீங்க. பானெட்ல கொஞ்சம் தெளிக்கட்டுமா? பெயின்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு."

இருநூறு பேர் அவரையே பார்த்தார்கள். சரி என்று தலையை அசைத்தார். மருந்து பானெட்டில் தண்ணீராக நின்றது, தண்ணீராகவே வழிந்தது. ஓரத்தில் இரண்டு ஊதாப் பொட்டு. அவ்வளவுதான்.

"ரெண்டு நிமிஷம் முடிஞ்சுது" என்றாள் வெர்லீன்.

அதற்குப் பிறகு மாநில அதிகாரிகள் ஜன்னலோரக் களிமண் கட்டிகளைத் தேதிவாரியாக வாங்கிப் போனார்கள். பள்ளிக்கூடத்தின் மேல் தூசி அளக்கும் கருவி வந்தது. குளிர்காலம் வருவதற்குள் ஆலை, தூசி பறந்துகொண்டிருந்த தன் கசடுக் குவியலுக்குக் கூரை போட்டது. புள்ளிகள் குறைந்தன, நிற்கவில்லை. கையெழுத்து போட்டவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ரூஃபஸ் பயந்த மாதிரி ஆலையை யாரும் மூடவில்லை. அவன் கிரேன் ஓட்டிக்கொண்டுதான் இருந்தான். பிப்ரவரியில் ஒரு நாள் பொரித்த கெளுத்தி மீனோடு அண்ணியின் ஷெட்டுக்குள் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் தட்டெடுத்தாள்.

போன மாதம் ஆலையிலிருந்து ஓர் இளம்பெண் கேமராவோடு வந்தாள். ஊரும் ஆலையும் கைகோத்து தூசியைக் குறைத்த கதையை விளம்பரமாகப் போடப் போகிறார்களாம். வெர்லீன் சிரித்தபடி நின்றால் ஒரு படம் போதும் என்றாள்.

"கைகோத்தோமா? நான் கையைப் பிடிச்சு முறுக்கினேன்மா. அதை அப்படியே எழுதுங்க, நின்னு சிரிக்கிறேன்."

அந்தப் பெண் அப்படியெல்லாம் எழுத முடியாது என்றாள். வெர்லீன் குழாயைத் திறந்துவிட்டு அடுத்த வண்டியைக் கழுவப் போனாள்.