குனோங் டத்தோ மலையும் அண்ணனின் கால்களும்

என் அண்ணனுக்கு ஐம்பத்து மூன்று வயது. நீலாயில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறார். சர்க்கரை வந்து ஏழு ஆண்டாகிறது. அண்ணி நடக்கச் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்டவர் போன மாதம் தானாகவே என்னைக் கூப்பிட்டு, "தேவி, குனோங் டத்தோ ஏறலாம் வா" என்றார். மலை, வெந்நீர்க் குளம், சாயங்காலம் லிங்கி ஆற்றோரம் சாப்பாடு என்று ஒரே நாளுக்குத் திட்டமும் போட்டுவிட்டார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை தூக்கம் போகிறதே என்ற கவலைதான்.

காலை ஐந்தரைக்கு நீலாயிலிருந்து புறப்பட்டோம். அண்ணன் ஓட்டினார், நான் தூங்கினேன். ரந்தாவில் ஒரு மாமாக் உணவுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரேக் டீயும். இருவருக்கும் சேர்த்து ஒன்பது ரிங்கிட். அங்கிருந்து ரெம்பாவ் வழியாக மலையடிவாரம் சேரும்போது மணி ஏழு பத்து. மொத்தம் அறுபத்தைந்து கிலோமீட்டர். நாங்கள் போன அன்று நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஐந்து ரிங்கிட்.

மலை உயரம் 884 மீட்டர். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஏறிப் பாருங்கள். முதல் அரை மணி நேரமே மூச்சு வாங்க வைத்துவிடும், வேர்களைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அண்ணன் போட்டிருந்தது ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. பன்னிரண்டு ரிங்கிட்தான். என் இருநூறு ரிங்கிட் சப்பாத்து நான்கு முறை வழுக்கியது, அவருடையது ஒருமுறைகூட வழுக்கவில்லை. உச்சிப் பாறைக்கு இரும்பு ஏணி இருக்கிறது. ஒன்பதரைக்கு மேலே நின்றோம். தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "பாத்தியா, கால் நல்லாத்தான் இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னார். யார் இல்லை என்றது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு இறங்கினோம். பெடாஸ் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சிறு வெந்நீர்க் குளம் இருக்கிறது. இருபது நிமிடப் பயணம். மூன்று தொட்டிகள்: முதலாவது வெதுவெதுப்பு, இரண்டாவது நல்ல சூடு, மூன்றாவது ஊற்றுக்கண். மூன்றாவதில் ஆட்கள் முட்டையைக் கூடையில் கட்டி இறக்குவார்கள்.

நான் உடை மாற்றப் போயிருந்தேன். திரும்பி வரும்போது முட்டைக் கூடையோடு நின்ற ஓர் அக்காவின் குரல் கேட்டது.

"அண்ணே, அது ரெண்டாவது தொட்டி லா, நல்ல சூடு. நாங்க பத்து எண்றதுக்குள்ள காலை எடுத்துருவோம். நீங்க எவ்ளோ நேரமா வச்சிருக்கீங்க?"

அண்ணன் கணுக்கால் வரை இரண்டு காலையும் விட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். "எனக்கு வெதுவெதுப்பாத்தான் இருக்கு" என்றார்.

நான் விரலை விட்டேன், விட்ட வேகத்தில் எடுத்தேன். அவர் கால்களைத் தூக்கிப் பார்த்தால் பாதம் முழுக்கச் சிவந்து, விரல்களுக்கு மேல் கொப்புளம் கிளம்பியிருந்தது. பக்கத்தில் கழற்றிப் போட்டிருந்த சப்பாத்துக்குள் சுண்டைக்காய் அளவு கல், காலுறையில் ரத்தம். அந்தக் கல்லோடுதான் மனிதர் மலை இறங்கியிருக்கிறார்.

அக்கா அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போய், இருபது நிமிடம் பச்சைத் தண்ணீரில் காலைக் காட்டச் சொன்னார். அங்கே வைத்துத்தான் அண்ணன் வாய் திறந்தார்.

"ஒரு வருஷமா காலு மரத்துப் போச்சு. அடுத்த மாசம் லைசென்ஸுக்கு மெடிக்கல். மலை ஏறிட்டா ஒண்ணுமில்லன்னு எனக்கே தைரியம் வரும்னு நெனச்சேன்."

"பிரேக் மிதிக்கறது தெரியுதா?" என்று கேட்டேன்.

"சப்பாத்துக்கு அடியில என்ன இருக்குன்னு குத்துமதிப்பாத் தெரியும்."

காலையில் அவர் பக்கத்தில் நான் தூங்கிக்கொண்டு வந்தேன். தினமும் அவர் பஸ்ஸில் நாற்பது பேர் தூங்கிக்கொண்டு போகிறார்கள். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கார் சாவியைக் கேட்டேன். எடுத்து நீட்டினார்.

லிங்கிக்குப் போகவில்லை, நேராகக் கிளினிக்குக்கு ஓட்டினேன். வழி நெடுக அண்ணனின் வலது கால், பிரேக் இல்லாத இடத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள், மதியம் மழை பிடிக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். ரப்பர் சப்பாத்தை நம்பலாம், ஆனால் தடித்த காலுறை போட்டு, நடுநடுவே கழற்றி உதறுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள், கூட வந்தவரின் கையால் பாருங்கள். இருவருக்கும் பெட்ரோல், சாப்பாடு, கட்டணம் எல்லாம் சேர்த்து எழுபது ரிங்கிட் ஆனது. கிளினிக் செலவு தனி.

அந்தக் கிளினிக் வாசலில் இறங்கும்போது அண்ணன் என் கையைப் பிடித்தார். "சுடுதண்ணி பட்டுடுச்சுன்னு மட்டும் சொல்லு தேவி. மத்தது வேணாம்." நான் கிளினிக் கதவைத் தள்ளித் திறந்தேன்.

உள்ளே ஓர் இளம் டாக்டர், தமிழ்ப் பெண். காலில் மருந்து தடவிக்கொண்டே, "வலிக்குதா அங்கிள்?" என்று கேட்டார்.

அண்ணன் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார்.

"இல்ல டாக்டர், ஒண்ணுமே தெரியல" என்றார். "நான் பஸ் டிரைவர். அத எழுதிக்குங்க மொதல்ல."