மாப்பிள்ளைக் காரும் என்ட பெற்றோல் பம்ப் வைத்தியமும்

இன்டைக்கு எங்கட நானாட நிகாஹ், அண்ணன்ட கல்யாணம். வாப்பாட பழைய கார்லதான் பொண்ணு வீட்டுக்குப் போவேன்னு ஒரே அடம்.

நேத்து பாத்து அந்தக் கார்ட பெற்றோல் பம்ப் ஒழுகிச்சு. உள்ளுக்கு ரப்பர் கிழிஞ்சிருந்திச்சு.

"மெக்கானிக் எதுக்கு, நான் இருக்கேன்"னு சொன்னேன்.

காலைல ஒரு வீடியோவ நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்து, புது ரப்பர் போட்டு, ரெண்டு ஹோஸையும் மாட்டினேன். ஸ்டார்ட் ஆகிச்சு! வீடே கைதட்டிச்சு!!

அக்குறணை டவுனுக்கு நடுவுல கார் நின்டுச்சு. கடைக்காரங்க எல்லாம் வெளில வந்து பாக்குறாங்க. பின்னால சொந்தக்காரங்கட வேன் எல்லாம் ஹோன் அடிக்குது.

"தங்கச்சி, அங்க நிகாஹ்வுக்குக் காத்துட்டு இருக்காங்க!" நானா அழாத குறை.

நான் பொனட்டத் தொறந்து லைவ் போட்டேன், அந்த வீடியோ லிங்க்கோட. ஒருத்தர் கொமெண்ட் போட்டாரு: "அந்த ஆள்ட டீஷர்ட்ல எழுத்தெல்லாம் திரும்பி இருக்கே. செல்ஃபி கேமரால எடுத்த வீடியோ, தங்கச்சி. இடது வலது மாறியிருக்கு."

அல்லாஹ்வே! உள்ள வார ஹோஸ வெளில போற பக்கம் மாட்டியிருக்கேன். இவ்வளவு தூரம் ஓடினது காபரேட்டர்ல மிச்சம் இருந்த பெற்றோல்ல.

ஒழுகாம இருக்க நானா ஹோஸ் வாய கையால பொத்திப் புடிச்சாரு. நான் மாத்தி மாட்டினேன். குண்டசாலைல பொண்ணு வீடு வரைக்கும் ஜம்முனு போச்சு!

நிகாஹ்ல நானாட கையப் புடிச்ச மாமனார் மெதுவா கேட்டாராம்: "மருமகன், வழில பெற்றோல் ஷெட்ல வேல செஞ்சிட்டா வந்தீங்க?"

கைல பெற்றோல் வாசம் போக என்ன போட்டுக் கழுவுற? தெரிஞ்சவங்க சொல்லுங்க. வீடியோ மட்டும் அனுப்பாதீங்க.