பாதி டாக்டர்

அந்த ஊர் ஆஸ்பத்திரியின் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் "பாதி டாக்டர்" என்றுதான் கூப்பிட்டார்கள். கேலியாக ஆரம்பித்தது, போகப்போகப் பெயராகவே ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவள் மருத்துவம் முழுதாகப் படித்துப் பட்டம் வாங்கியவள். ஆனால் பட்டம் மட்டும் போதாது. அதற்குப் பிறகு ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் சில வருடம் பயிற்சி டாக்டராக வேலை பார்த்தால்தான் உரிமம் கிடைக்கும். பயிற்சி டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். எத்தனை பேருக்குப் பணம் ஒதுக்குகிறார்களோ, அத்தனை பேருக்குத்தான் இடம். அந்த எண்ணிக்கை பல காலமாக அசையவே இல்லை. படித்துவிட்டு வெளியே வருகிற கூட்டம் மட்டும் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போனது.

ஆக, ஒரு பக்கம் டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரிகள், இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரி கிடைக்காத டாக்டர்கள். ஒவ்வொரு வருடமும் அவள் விண்ணப்பித்தாள், நேர்காணலுக்கு பஸ் ஏறினாள், வெறுங்கையோடு திரும்பினாள். வயிற்றுப்பாட்டுக்கு இந்த மேசை வேலை.

"எனக்கு என்ன வியாதின்னு நீயே சொல்லிடேன்மா. உள்ள போய் எதுக்குக் காத்துக்கிடக்கணும்?" என்று வயசானவர்கள் வம்பிழுப்பார்கள்.

"சொல்லிடுவேன். அப்புறம் ஜெயிலுக்கு மூணு வேளையும் நீங்கதான் சாப்பாடு கொண்டுவரணும், பரவால்லையா?" என்பாள்.

வீட்டில் அவள் பெரியவள். சின்னவளுக்குப் படிப்பு ஏறவில்லை. கடைத்தெருவில் ஒற்றை அறை பிடித்து, இரண்டு மெஷின் போட்டுத் தையல்கடை நடத்தினாள். கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம். அக்கா நேர்காணலிலிருந்து திரும்புகிற நாளில் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்பாள். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அக்காவின் நடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பையை வாங்கிக்கொண்டு, "விடு, இந்த வருஷமும் அவங்களுக்குக் குடுத்துவைக்கல" என்பாள். அந்த ஒரு வரிக்காகவே பெரியவள் அடுத்த வருடமும் விண்ணப்பித்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

சின்னவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை எலக்ட்ரீஷியன், அதிகம் பேசாதவன். "எனக்கும் சேத்து அவளே பேசிடுறா" என்பான். அவள் உண்டானபோது ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ டாக்டர் இல்லை. இருந்தவர் ஓய்வுபெற்றுப் போனபின் அந்த வேலைக்கு யாரும் வரவில்லை. சிக்கல் இல்லாத பிரசவத்தை நர்சுகளே பார்த்தார்கள். சிக்கலென்றால் நகரத்துக்கு அனுப்பினார்கள். சின்னவளுக்குச் சிக்கல் எதுவும் இல்லை. "நீ பக்கத்துல இருக்கியே, எனக்கு என்ன பயம்?" என்று உள்ளே போனாள்.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. அக்கா தங்கையின் அம்மா குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, உள்ளே ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

நர்ஸ் ஓடிவந்து பெரியவளை அழைத்துப்போனாள். கர்ப்பப்பை சுருங்கவில்லை. பொதுப் பிரிவு டாக்டர் தெரிந்த ஊசியெல்லாம் போட்டுப் பார்த்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது. "எனக்கு இதுக்கு மேல தெரியாதும்மா. நான் கை வச்சா தப்பாப் போயிடும். நகரத்துக்குக் கொண்டுபோ" என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. பெரியவளுக்கு என்ன நடக்கிறதென்று தெரியும். என்ன செய்யவேண்டும் என்றும் படித்திருக்கிறாள். செய்து பழகிய கைதான் இல்லை. அந்தக் கையைப் பயிற்சிதான் கொடுத்திருக்கவேண்டும்.

ஆம்புலன்ஸில் தங்கையின் அடிவயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே போனாள்.

"அக்கா, கால் ஜில்லுன்னு இருக்கு."

"வண்டில ஏசி போட்டிருக்காங்கடி."

"பாப்பா உன்னை மாதிரியா, என்னை மாதிரியா?"

"உன்னை மாதிரிதான். பொறந்ததுலேருந்து வாயை மூடல."

சின்னவள் சிரிக்கப் பார்த்தாள். அப்புறம், "தூக்கம் வருதுக்கா" என்றாள். "தூங்காத, பேசு, ஏதாவது பேசிக்கிட்டே இரு" என்று அக்கா கெஞ்சினாள். பேச்சுக்குப் பெயர்போனவள் அதற்குப் பிறகு பேசவில்லை. நகரத்துக்குள் நுழையும்போது லாரிகளும் கார்களும் வழி விட்டு ஒதுங்கின. அப்போதும் பெரியவள் அழுத்திக்கொண்டுதான் இருந்தாள். ஆம்புலன்ஸ்காரர்தான் மெதுவாக அவள் கையைப் பிடித்து எடுத்தார்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள்: "அத்தனை வருஷம் படிச்சியே, எதுக்குடி படிச்ச?" பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. கேட்காமலிருந்தது இன்னும் மோசம்.

அது போல வேறு சின்ன ஊர்களிலும் அடுத்தடுத்து நடந்தது. பத்திரிகைகள் எழுதின, சட்டசபையில் கூச்சல் எழுந்தது. மறுவருடம் அரசாங்கம் இறங்கிவந்தது. சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளிலேயே பயிற்சி டாக்டர்களை வைக்கப் பணம் ஒதுக்குவதாகவும், பயிற்சி முடித்தவர்கள் சில வருடம் அங்கேயே வேலை பார்க்கவேண்டும் என்றும் அறிவித்தது. டிவியில் மந்திரி பேசும்போது, "ஒரு தையல்காரச் சகோதரியின் மரணம் எங்கள் கண்ணைத் திறந்தது" என்றார். அம்மா எழுந்துபோய் டிவியை அணைத்தாள்.

ஊர் ஆஸ்பத்திரிக்குப் பிரசவப் பிரிவில் மூன்று இடம் வந்தது. பெரியவள் விண்ணப்பிக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் வயசாகிவிட்டது என்றாள். ஒருநாள் சாயங்காலம் மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"ஏன்கா எழுதிப் போடல?"

"எப்படித் தம்பி போடுவேன்? அவ செத்ததாலதானே இந்த இடமே வந்திருக்கு."

அவன் வெகுநேரம் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான். "நீங்க போகலன்னா வேற யாராவது வருவாங்கக்கா. அவளைத் தெரியாதவங்க வருவாங்க" என்றான். அவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை.

போனாள். இடம் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கத்தான் ஆளில்லை.

நகரத்திலிருந்து வந்திருந்த பெரிய டாக்டரம்மா, வேலை என்று வந்தால் ஈவு இரக்கம் பார்க்காதவர். பயிற்சி நடந்தது அதே அறையில்தான். தொடக்கத்தில், தங்கை கிடந்த ஜன்னல் ஓரக் கட்டிலுக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கெஞ்சினாள். "கட்டில் என்னம்மா பண்ணுச்சு? போய்ப் பாரு" என்றார் டாக்டரம்மா. போனாள். ஒவ்வொன்றையும் டாக்டரம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் செய்தாள். நாளாக ஆகக் கேட்பது குறைந்தது. மேசையில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். "பாதி டாக்டர்" என்று கூப்பிட ஊருக்கு நாக்கு கூசியது. வெறும் "டாக்டரம்மா" ஆனாள்.

மூன்றாம் வருடம் ஒரு மத்தியானம். பெரிய டாக்டரம்மா வேறோர் ஆபரேஷனில் இருந்தார். குழந்தை பெற்ற ஒருத்திக்கு ரத்தம் நிற்கவில்லை. பெரியவள் யோசிக்கக்கூட இல்லை, கை தானாக வேலை செய்தது. ஊசி போட்டாள், ரத்தம் ஏற்றச் சொன்னாள், கர்ப்பப்பைக்குள் பலூனைச் செலுத்தி நீரை நிரப்பி உள்ளிருந்தே அழுத்தம் கொடுத்தாள். ரத்தம் மட்டுப்பட்டது. நின்றது. அந்தப் பெண் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

நடைபாதையில் அவளுடைய அக்காக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "நல்லா இருக்காங்க, போய்ப் பாருங்க" என்றதும் காலில் விழப் போனாள். பெரியவள் தடுத்துத் தூக்கினாள். சந்தோஷம் வரும் என்று எத்தனையோ தடவை நினைத்திருந்தாள். வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடிய அந்த அக்காக்காரியின் முதுகைப் பார்த்தபோது வந்தது பொறாமை. வயிறு எரிகிற பொறாமை.

வீட்டில் அம்மா குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். பெரியவள் நடந்ததைச் சொன்னாள். அம்மா வாருவதை நிறுத்தவில்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணிகூட ஆகலம்மா."

சீப்பு நின்றது. "அரை மணி" என்றாள் அம்மா. "அரை மணி வேலையா அது?" பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரியவள் கதவருகே போய் நின்றாள். தட்டவில்லை.

பாதி வாரிய தலையோடு குழந்தை பக்கத்தில் வந்து நின்றது.

"பெரியம்மா, எங்கம்மாவுக்கும் அந்த பலூன் வச்சிருக்கலாம்ல?"

"வச்சிருக்கலாம் கண்ணு."

"ஏன் வைக்கல?"

"அப்போ பெரியம்மாவுக்கு வைக்கத் தெரியாது. போய்க் கத்துக்க எங்கயும் இடம் கிடைக்கல."

குழந்தை யோசித்தது. "அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரிலயா இடமில்ல? யாரையாவது கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லியிருக்கலாம்ல?"

பெரியவள் குழந்தையை இழுத்து மடியில் உட்காரவைத்து, விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினாள். கண்ணீர் மறைத்ததால் பின்னல் கோணலாகப் போனது. அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னினாள்.