மஞ்சள் வைத்த முதல் தாள்

பதுளைக் கடைவீதியில் பழைய ஆட்கள் யாரையாவது நிறுத்தி, அந்தக் காலத்தில் இங்கே ஒரு தமிழ் வாரப் பத்திரிகை வந்ததே, அது யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். என் தங்கை புருஷனைத்தான் சொல்வார்கள். "நம்ம ஜவுளிக்கடை மொதலாளி நடத்துனது" என்பார்கள். அதைத் தொடங்கியவன் நான். அச்சு இயந்திரம் வாங்கியவன் நான். எழுத்துக் கோத்துக் கோத்து விரல் நுனி கறுத்துப்போனவனும் நான். இதை எழுதும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும். பொறாமையே இல்லாதவன்போல எழுதினால் எங்கள் கம்பெனியின் கதை பாதிதான் வரும்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். கண்டியில் ஓர் அச்சுக்கூடத்தில் கழித்துப் போட்ட கை இயந்திரத்தை வாங்கி, அங்கிருந்து பண்டாரவளை வரை ரயிலில் ஏற்றி, மீதி வழி மாட்டுவண்டியில் கொண்டுவந்தேன். இறக்கம் வரும்போதெல்லாம் வண்டியின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானே தொங்கினேன். முதலில் தேயிலைத் தோட்டத்துச் சீட்டுகளும் கல்யாணப் பத்திரிகைகளும் அடித்தேன். பிறகு துணிந்து ஒரு வாரப் பத்திரிகை. எந்தத் தோட்டத்துக் கோயிலில் என்றைக்குத் திருவிழா, கடல் தாண்டி நம் ஊர்ப் பக்கம் மழை உண்டா இல்லையா, எந்தத் துரை மாற்றலாகிப் போகிறார், இதுதான் செய்தி. ஒரு லயத்துக்கு ஒரு தாள் போனால் போதும். ஞாயிற்றுக்கிழமை எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிப்பார், அந்த வரிசை வீடுகள் முழுவதும் வாசலில் உட்கார்ந்து கேட்கும்.

வெள்ளிக்கிழமைதான் அச்சடிக்கும் நாள். இயந்திரத்திலிருந்து வருகிற முதல் தாளைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து, புது வேட்டிக்குத் தடவுவதுபோல மூலையில் கொஞ்சம் மஞ்சள் தடவுவேன். அந்தத் தாள் விற்பனைக்கு இல்லை. அது முதலாளிக்கு. முதலாளி நான். மை காயாத அந்தத் தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நானே எழுதியதை நானே வாசிப்பேன். ராஜா மாதிரி இருக்கும். வேலைக்கு இருந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

பெரிய யுத்தம் வந்து காகிதத்துக்குப் பஞ்சம் வந்தது. வாரப் பத்திரிகை கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, நாலு பக்கம் போய் இரண்டு பக்கமாகி, பிறகு வருகிற வாரம் வரும், வராத வாரம் வராது என்று ஆனது. அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். என் ஒரே தங்கையைக் கட்டியவர், கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். "மச்சான், இதைக் கம்பெனி ஆக்கிடுவோம். தோட்டத்துப் பெரிய கங்காணிமாரு பங்கு போடுவாங்க. நானும் போடுறேன். நீங்க பாட்டுக்கு நடத்துங்க" என்றார். நியாயமாகத்தான் பேசினார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. கோபப்பட ஓர் இடம்கூடத் தரமாட்டார்.

மடுல்சீமை, அப்புத்தளை, ஹல்துமுல்லை என்று எல்லாப் பக்கத்திலும் கூலியாட்களை மேய்க்கிற கங்காணிமார் பங்கு போட்டார்கள். எல்லோரையும்விட அதிகம் போட்டவர் மாப்பிள்ளை. கம்பெனியின் முதல் இதழ் அடிக்கிற அன்று குளித்து, நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றார். வீட்டு மாப்பிள்ளை வந்து நிற்கும்போது மச்சான் என்ன செய்ய முடியும்? பந்தியில் முதல் இலை அவருக்கு, தீபாவளிக்கு முதல் வேட்டி அவருக்கு. பழக்க தோஷம். மஞ்சள் வைத்த முதல் தாளைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கோடு அவரிடம் நீட்டிவிட்டேன்.

ஒரு நாள் மரியாதை என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் குளித்துவிட்டு வந்து நின்றார். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். மரியாதை பாத்தியதை ஆகிவிட்டது.

வாங்கிக்கொண்டாவது சும்மா போவாரா? மஞ்சள் மூலை வெளியே தெரிகிற மாதிரி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைவீதி முழுக்க நடப்பார். கறிச்சரக்குக் கடை முஸ்லிம் முதலாளி எழுந்து நின்று, "வாங்க, பேப்பர் மொதலாளி" என்பார். அந்த வார்த்தை அச்சுக்கூடம்வரை கேட்கும். இத்தனைக்கும் மாப்பிள்ளை அந்தத் தாளில் வாசிப்பது ஒன்றே ஒன்றுதான், அவருடைய ஜவுளிக்கடை விளம்பரம். ஒரு நாள் என் தங்கை வந்து, "அண்ணே, இந்த வாரம் மஞ்சள் கொறைச்சலாமே, அவுக வருத்தப்பட்டாக" என்றாள். கூடப் பிறந்தவள். அவளே அவர் பக்கம்.

பங்கு போட்டவர்களுக்கு இந்தச் செய்தி எட்டாமல் இருக்குமா? மாப்பிள்ளையின் கடை மாடியில் கம்பெனிக் கூட்டம் நடந்தது. மடுல்சீமைப் பெரிய கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக எழுந்தார். அவர் தோட்டத்துக் கோயிலில் தேர் வடத்தை அவர் தொட்ட பிறகுதான் மற்றவர்கள் தொட வேண்டும். தேங்காயும் பழமும் வைத்த மரியாதைத் தட்டும் அவருக்குத்தான் முதலில். "கோயில்ல மொத மரியாதை எனக்கு. நான் பங்கு போட்ட கம்பெனியில மட்டும் கடைக்காரருக்கா?" என்றார்.

என் காதில் தேன் பாய்ந்தது. நான்தான் முதலில் எழுந்து, "பெரிய கங்காணி சொல்றது நியாயம்தானே" என்றேன். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத் தடை ஆனால் போதும் என்பார்களே, அந்த மூக்கு எனக்கு இருந்தது. இனிமேல் முதல் தாள் வாரம் ஒரு தோட்டத்துக்கு, முறை வைத்துப் போக வேண்டும் என்று முடிவானது. அப்படியும் மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார். முதல் தாளுக்கு மஞ்சள் தடவி, வேறு ஒருவருக்கென்று நான் கட்டி வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மெதுவாகக் கட்டுவேன். முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போடுவேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வாரங்களில்தான் நன்றாகத் தூங்கினேன்.

மடுல்சீமை முறை வந்தது. முதல் தாளைத் தபாலில் போடக் கூடாது, மேலே முத்திரை குத்திவிடுவார்கள், ஆள் கையில்தான் வர வேண்டும் என்று பெரிய கங்காணி சொல்லி அனுப்பியிருந்தார். ஆள் கிளம்பினான். அடைமழை. வழியில் மண் சரிந்து, அவன் பசறையிலேயே தங்கிவிட்டான். மற்றத் தாள்களின் கட்டு மழைக்கு முந்தியே தபாலில் போய்ச் சேர்ந்துவிட்டது. பெரிய கங்காணி அந்தக் கட்டைப் பிரிக்க விடவில்லை. "சாமிக்குப் படைக்காம பந்தி வைக்கிறதா? மொதத் தாள் வரட்டும்" என்று தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் வழக்கம்போல வாசலில் வந்து உட்கார்ந்து, வெறும் மழையைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அடுத்த ஞாயிறும் அப்படியே.

இதைக் கேட்டு அப்புத்தளைக் கங்காணி விழுந்து விழுந்து சிரித்தாராம். சிரித்தவர், தம் முறை வந்தபோது, முதல் தாள் ஆள் கையில் வந்து சேரும்வரை தாமும் கட்டைப் பிரிக்க விடவில்லை. இல்லாவிட்டால் மடுல்சீமையைவிடத் தாம் ஒரு படி கீழே என்று ஆகிவிடும் அல்லவா? ஹல்துமுல்லை மட்டும் சும்மா இருக்குமா? நான் வாராவாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கோத்த எழுத்தெல்லாம் யாரோ வீட்டுப் பரணில் பிரிக்காத கட்டாகக் கிடந்தது. மாப்பிள்ளையின் முகம் வாடியதைப் பார்த்துச் சிரித்த எனக்கு, இதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை. என் பத்திரிகையை வாசிக்க ஆளே இல்லை.

கடைசிக் கூட்டத்தில் அடுத்த சுற்று முறையை யாரிலிருந்து தொடங்குவது என்று சண்டை வந்தது. மரியாதைத் தகராறில் தேர் நடுவீதியில் நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அப்படியே நின்றது கம்பெனி. கங்காணிமார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக மாடியிலிருந்து இறங்கினார்கள். பங்கு வேண்டாம் என்றார்கள். பண்டாரவளையில் ஒரு முஸ்லிம் வியாபாரி கடைச் சீட்டு அடிக்க இயந்திரம் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கே விற்றுவிடுவது என்று ஆயிற்று.

கடைசி இதழை ஒரு வெள்ளிக்கிழமை அடித்தேன். அன்று யாருடைய முறையும் இல்லை. எந்தத் தோட்டத்திலிருந்தும் ஆள் வரவில்லை. முதல் தாளைப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்து, தாராளமாக மஞ்சள் தடவினேன். இன்றைக்காவது இது எனக்கு என்று நினைத்துக்கொண்டேன். நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்காரப் போனேன்.

மாப்பிள்ளை வந்து நின்றார். தூறலில் நனைந்திருந்தார். நெற்றியில் திருநீறு கரைந்திருந்தது.

கொடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். மனசாரச் சொல்கிறேன், கொடுக்கக் கூடாது என்றுதான். ஆனால் வீட்டு மாப்பிள்ளை எதிரே நிற்கிறார். கை தானாகவே நீண்டுவிட்டது. அவர் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதை மடிக்காமல் என்னிடமே நீட்டினார்.

"இந்தாங்க மச்சான். இது ஒங்களுக்குத்தான். வச்சுக்குங்க."

இத்தனை வருஷமாக நான் ஏங்கியது அதற்குத்தான். இரண்டு கையாலும் வாங்கினேன். வாங்கின பிறகுதான் பார்த்தேன், அவர் கை மேலே இருந்தது, என் கை கீழே இருந்தது. கொடுப்பவன்தானே முதலாளி. கடைசி நாளிலும் அவரே கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் மனசு வரவில்லை, மஞ்சள் அவ்வளவு அழகாகப் பிடித்திருந்தது.

அவர் வெறுங்கையோடு தூறலில் இறங்கி நடந்தார். கக்கத்தில் ஒன்றும் இல்லை. கறிச்சரக்குக் கடையைத் தாண்டும்போது அந்த முதலாளி எழுந்து நின்றது எனக்குத் தெரிந்தது. "பாத்துப் போங்க பேப்பர் மொதலாளி, வழுக்குது" என்றார்.

முதல் தாள் என் கையில்தான் இருந்தது.