காதில் சொன்ன எடை

பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று ஆராய்வதற்காக, டாக்டரும் நர்சான நானும் மாதாமாதம் தராசோடு வாலிநோக்கத்தில் போய் இறங்குவோம். முதல் மாதமே ஒரு குழந்தையின் எடையை டாக்டர் உரக்கச் சொல்லிவிட்டார். தாய்மார்கள் அத்தனை பேரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

“ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னா புள்ளைக்குக் கண்ணு படாதா?” என்றாள் ஒருத்தி.

முதுகுளத்தூர்க்காரியான எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாவது, மண்ணாவது!

டாக்டர் என்னை அடக்கிவிட்டு அவர்களோடு உட்கார்ந்து பேசினார். எடையைத் தாயின் காதில் மட்டும் சொல்வது, தராசிலிருந்து இறக்கியதும் பிள்ளைக்கு உப்பு சுற்றிப் போடுவது என்று முடிவானது. உப்பளத்து ஊரில் உப்புக்கா பஞ்சம்? அடுத்த மாதம் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள்.

சவலைப் பிள்ளை ஒன்று மட்டும் எடை ஏறாமலே இருந்தது. ஒருநாள் அதற்கும் முள் நகர்ந்தது. தாயின் காதில் சொன்னேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, “ஏறிருச்சு! எம்புள்ள ரெண்டு பவுண்டு ஏறிருச்சு!” என்று உப்பளம் முழுக்கக் கூவிக்கொண்டே ஓடினாள்.

கை நிறைய உப்பை அள்ளிக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

“ஏத்தா, கத்தாத! கண்ணு பட்டுரும்!”